கொட்டிலில் நிற்கும் பழைய காரும் அதன் பிரேக் குழாயும்



மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நமது கரையோர ஊர்களில் சில வீட்டுக் கொட்டில்களில் மோரிஸ் மைனரோ ஒஸ்டின் கேம்பிரிட்ஜோ இன்னும் நிற்கக் காணலாம். வாப்பா வாங்கியது என்பதால் விற்க மனம் வராது. 1977 வரை நமது நாட்டில் புதுக் கார் கிடைப்பது அரிதாக இருந்தது. இருப்பதைத் திருத்தித் திருத்தி ஓடும் கைப்பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது. 1990களில் இலங்கையில் செய்த மோரிஸ் மைனர் உதிரிப்பாகங்கள் இங்கிலாந்துக்கே போயின என்றால் பாருங்களேன்!

"கராஜ் விடயத்தை எங்களுக்கு எதற்கு எழுதுகிறீர்கள் மௌலவி?" என்று கேட்பீர்கள். கணவர் கட்டாரில், வண்டி உங்கள் கையில் அமானிதம். பிள்ளைகளோடு அதில் ஏறுபவரும் நீங்கள்தான்.

பிரேக்கை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஒயில், ஐந்து மில்லிமீற்றர்கூட இல்லாத உருக்குக் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் போய் அவற்றைப் பிடிக்கிறது. 1948இல் வெளிவந்த மோரிஸ் மைனரில் நான்கு சில்லுக்கும் ஒரே இணைப்பு. ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். மிஞ்சுவது கேபிளால் இயங்கும் கைப்பிரேக் மட்டுமே. அந்த ஒயில் ஊற்றும் வாயோ சாரதியின் காலடியில், கம்பளத்துக்குக் கீழே இருக்கிறது. அதனால்தான் அதை யாரும் பார்ப்பதில்லை.

நமது கடற்காற்றின் உப்பு, குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் ஈர மணலோடு தங்கி வெளியிலிருந்து தின்கிறது. 2004 டிசம்பர் 26இல் கடல்நீரில் மூழ்கிய வண்டிகளின் கதியைச் சொல்லவே வேண்டாம். உள்ளிருந்து தின்பது வேறொன்று. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் 205 பாகைக்குக் குறையாத சூட்டிலேயே கொதிக்கும். நீர் சேர்ந்தால் அது 140 பாகை அளவுக்கு இறங்கிவிடலாம். ஆகவே ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நெடுநாள் நின்ற வண்டி ஒரு பக்கம் இழுத்தால், அல்லது ஒரு சில்லு மட்டும் கைவைக்க முடியாதபடி சுட்டால், பிரேக் இறுகிவிட்டது என்று கொள்ளுங்கள். சில்லுக்கருகே உள்ள இறப்பர் குழாய் உட்புறம் வீங்கியிருக்கலாம். மிதிக்கும்போது ஒயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் குழாய் நன்றாகவே தெரியும்.

கழற்றும்போது துருப்பிடித்த நட்டு குழாயோடு ஒட்டிக்கொண்டு, குழாயையும் சேர்த்து முறுக்கும். முதல் நாளே துருநீக்கும் ஒயில் விட்டு ஊறவைத்து, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பெனரால் திருப்புவதே முறை. "ஓட்டை ஓரிடத்தில்தானே, அந்தத் துண்டை வெட்டி ஒட்டுவோம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒன்று உக்கினால் அதே வயதுடைய மற்றவையும் உக்கியிருக்கும். எல்லாக் குழாயையும், மூன்று இறப்பர் குழாய்களோடு சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். செலவு கூடும்தான்; நான் இதில் சிக்கனம் பார்க்கமாட்டேன். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் அதையே கேளுங்கள். அது உப்புக்கு எளிதில் உக்காது. வெறும் செம்புக் குழாய் அதிர்வில் வெடிக்கக்கூடும், வேண்டாம்.

புதுக் குழாய் பூட்டியபின் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்ற இருவர் வேண்டும். மெக்கானிக் சில்லடியில் இருப்பார். மகனோ நீங்களோ ஆசனத்தில். அவர் "மிதி" என்றால் மிதித்து, "விடு" என்னும்வரை காலை எடுக்கக் கூடாது. இடையில் எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், வேலை முதலிலிருந்து!

மீதி ஒயிலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் பானமென்று குடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. திறந்து வைத்த ஒயில் வண்டிக்கும் உதவாது. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். எனவே அந்தத் தூசியை ஊதவோ, வேலை செய்த உடுப்பை வீட்டுக்குள் உதறவோ விடாதீர்கள். உடுப்பை நனைத்துவிட்டுத் தனியே கழுவுங்கள்.

வண்டியைப் பொறுப்பேற்கும்போது என்ஜினை இயக்காமலே பிரேக்கை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். கால் மெல்லக் கீழே போனால் எங்கோ கசிகிறது. பொருத்துகளில் காகிதம் ஒற்றிப் பார்த்தால் இடம் தெரியும். கழற்றிய பழைய குழாய்களையும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் மாற்றினார்களா என்று எண்ணிப் பார்க்க அவை உதவும்.