காயம்பட்டவரே கட்டணமும் செலுத்துவதா?

வன்கொடுமை வழக்குகளில் நம்மிடம் வரும் குடும்பங்கள் முதல் தகவல் அறிக்கை, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், மருந்துக் கடை ரசீது என ஒவ்வொரு தாளையும் ஒரு பையில் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். தையல் போட்ட காயத்துக்குத் தாள் இருக்கும். அதன்பின் உறக்கமிழந்து, கல்லூரிக்குச் செல்ல அஞ்சி, தனியார் உளவியலாளரிடம் மாதக்கணக்கில் சென்ற மகளின் செலவுக்கு மட்டும் தாள் இருக்காது. கேட்டால், "அது எங்க சொந்தச் செலவுங்க, வழக்குல எதுக்கு?" என்பார்கள்.

அது சொந்தச் செலவு அன்று என்பதே நமது வாதம். சாதி இழைத்த தீங்குக்கான சிகிச்சைச் செலவைப் பாதிக்கப்பட்டவரே சுமப்பது எப்படி இயல்பானது? அதை மாற்றச் சட்டத்தில் என்ன இடமிருக்கிறது?

காப்பீடு ஏன் கைகொடுப்பதில்லை?

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் பிரிவு 21(4), உடல்நோய்க்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு வழங்கப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்க்கும் வழங்கப்பட வேண்டும் என்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2018 ஆகஸ்ட் 16 அன்று இதை உடனே நடைமுறைப்படுத்துமாறு நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மனநோய்க்கான மருத்துவமனைச் செலவை மறுத்த ஒரு நிறுவனத்துக்கு எதிராக 2021இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் 'அதே அடிப்படை' என்ற சொற்களிலேயே சிக்கலும் இருக்கிறது. நம் நாட்டின் பெரும்பாலான காப்பீடுகள் உள்நோயாளியாகச் சேர்ந்தவரின் செலவையே ஏற்கின்றன. தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சையை மையமாகக் கொண்டதே. உளவியல் சிகிச்சையோ பெரிதும் புறநோயாளிச் சிகிச்சை. வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், ஓர் அறையில் இருவர் அமர்ந்து பேசுவது அது. அதற்கு யாரும் படுக்கையில் சேர்வதில்லை. சமமற்ற நிலையில் இருப்போர்க்கு ஒரே விதியை நீட்டுவது சமத்துவம் ஆகாது என்பதை இடஒதுக்கீட்டு விவாதங்களில் நாம் நன்கறிவோம். இங்கும் அதே கதைதான்.

காப்பீடு வைத்திருப்போரும் அதைப் பயன்படுத்தத் தயங்குகின்றனர். பணியிடத்தின் குழுக் காப்பீட்டில் கோரிக்கை வைத்தால் நோயின் பெயர் நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு. 'கோட்டாவில் வந்தவர், தாக்குப்பிடிக்க மாட்டார்' என்ற ஏளனத்தை ஏற்கெனவே கேட்டவர்க்கு இவ்வச்சம் இருமடங்கு. சாதியின் பெயரைச் சொன்னதும் "இப்போதெல்லாம் யார் சாதி பார்க்கிறார்கள்?" என்று கேட்காத ஒருவரைத் தேடிக் கண்டடைந்தால், அவர் பெரும்பாலும் தனியாக மருத்துவம் பார்ப்பவராகவே இருக்கிறார்.

எத்தனை அமர்வுகள்?

ஓர் அமர்வுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெருநகரங்களில் இது மிகையான தொகை அன்று. மாதம் நான்கு அமர்வுகளுக்கு 6,000 ரூபாய். மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைத் திட்டத்தின் 2021 வழிகாட்டுதலின்படி, விடுதியில் தங்கிக் கலை, அறிவியல் பட்டம் படிக்கும் பட்டியல் சாதி மாணவருக்குக் கிடைக்கும் கல்விப்படி ஆண்டுக்கு 6,000 ரூபாய். ஓராண்டின் படி ஒரு மாதச் சிகிச்சையில் தீர்ந்துவிடும். தொழிற்கல்விப் பட்டப்படிப்புக்கான உச்ச வரம்பான 13,500 ரூபாயில் ஒன்பது அமர்வுகள் கிடைக்கும்.

சட்டம் தரும் இடங்கள்

முதலாவது, வன்கொடுமைகள் தடுப்பு விதிகள், 1995. சட்டத்தின் பிரிவு 3இன் கீழ் குற்றம் நிகழ்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவரின் மருந்துச் செலவையும் 'சிறப்பு மருத்துவ ஆலோசனை'ச் செலவையும் மாவட்ட நிர்வாகம் ஈடுசெய்ய வேண்டும் என்கிறது விதி 11. அந்த ஆலோசனை உடலுக்கு மட்டுமே உரியது என்று விதி சொல்லவில்லை. 2015இல் சேர்க்கப்பட்ட பிரிவு 15அ, விசாரணைக் காலத்தில் சமூக, பொருளாதார மறுவாழ்வு பெறுவதையும் உரிமையாக்கியுள்ளது. உளவியல் சிகிச்சையின் ரசீதுகளைத் தீருதவி மனுவுடன் இணைத்து ஆட்சியரிடம் கோரலாம். மாவட்ட விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழுவிலும் இதை எழுப்பலாம். 'இது மருத்துவம் இல்லை' என்ற மறுப்பு வரக்கூடும். அதை முன்கூட்டியே அடைக்க, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டி, தொடர் உளவியல் சிகிச்சை தேவை என்று பரிந்துரைக் கடிதம் பெற்றுவிட வேண்டும்.

இரண்டாவது, மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 18. மனநலச் சேவை பெறும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அதில் சாதிப் பாகுபாடு கூடாது என்று பெயர் சொல்லியே அது கூறுகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் வாழும் மனநோயாளிகளுக்கு, அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல நிலையங்களில் சிகிச்சை இலவசம். மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையெனில், அதே மாவட்டத்தின் வேறு சேவையை நாடும் செலவை அரசே ஏற்க வேண்டும். தனியார் உளவியலாளரின் அறை 'மனநல நிலையம்' என்ற வரையறைக்குள் வருமா என்பது வழக்காடப்பட வேண்டிய கேள்வி. அதை வழக்காடுவது நம் வேலை.

மூன்றாவது, கல்லூரி. மாணவர் மனநலம் குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று வழங்கிய வழிகாட்டுதல்களின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனம் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும். உங்கள் கல்லூரியில் அவர் யார், என்ன தகுதி, வாரத்தில் எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்று எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். அரசு நிறுவனமெனில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம்.

கையிலிருந்து செலுத்தும்போது

இவை கைகூடும் வரை பலர் தம் பணத்தையே செலுத்துவர். அவர்களுக்குச் சில சொற்கள்.

முதல் அமர்வுக்கு முன்பே கட்டணத்தைப் பேசுங்கள். வருமானத்துக்கேற்பக் கட்டணத்தைக் குறைப்போர் பலர் உள்ளனர், கேட்டால்தான் சொல்வார்கள். பகுஜன் மக்களுக்கான மனநல ஆதரவுக் குழுவாகிய புளூ டான் போன்ற முயற்சிகளும் உண்டு. மருத்துவ உளவியலாளர் எனில் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். தேதி, தொகை, பதிவு எண், கையொப்பத்துடன் ஒவ்வோர் அமர்வுக்கும் ரசீது வாங்குங்கள். ரசீதில் நீங்கள் பேசியதை எழுத வேண்டியதில்லை. பேசியவை பிரிவு 23இன்படி இரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை.

காப்பீட்டைப் பயன்படுத்தாததால் பதிவே இல்லை, எனவே பின்னாளில் சொல்ல வேண்டியதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். புதிய காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவம் முந்தைய சிகிச்சை பற்றிக் கேட்டால் உண்மையையே எழுத வேண்டும். மறைத்தால் பின்னர் வேறொரு நோய்க்கான கோரிக்கையைக்கூட அதைக் காட்டி நிராகரிக்க முயல்வார்கள். நிராகரிப்பு முறையற்றதெனில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம், கட்டணம் கிடையாது.

பணமும் இல்லை, காத்திருக்கவும் முடியாது என்ற இரவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். இலவசம், 24 மணி நேரமும் இயங்குவது.

ரோகித் வெமுலா 2016இலும், பாயல் தத்வி 2019இலும் நம்மை விட்டுப் போனபின் மாணவர் மனநலம் பற்றி நிறையப் பேசப்பட்டது. ஆலோசனை அறை வன்கொடுமை வழக்குக்கு மாற்று அன்று. குற்றமிழைத்தவர் தண்டிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கையை அது தணித்துவிடவும் கூடாது. ஆனால் அந்த வழக்கை ஆண்டுக்கணக்கில் நடத்த, பாதிக்கப்பட்டவர் உயிரோடும் உறுதியோடும் இருக்க வேண்டும். அதற்கான செலவு வழக்கின் செலவே. அடுத்தமுறை நம்மிடம் வரும்போது அந்த ரசீதுகளையும் அதே பையில் கொண்டுவாருங்கள்.