ஊரின் பெயரைக் கெடுத்த பிரசங்கம்

சில தினங்களுக்கு முன் எமது வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடந்துகொண்டிருக்கையில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, பங்க்கம் என்றால் என்ன பொருள்?” என்று வினவினான். அவன் உச்சரித்த விதத்தில் அது நமது ‘பங்கம்’ போலவே ஒலித்தபடியால் வகுப்பில் பெருநகைப்பு எழுந்தது. காரியத்துக்கு உதவாத வீண் பேச்சு என்பதே அதன் அர்த்தம் என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தோம். ஆயினும் அச்சொல் பிறந்த வரலாற்றை நோக்குமிடத்து, மாணவனின் உச்சரிப்பு அத்தனை பிழையன்று என்றே தோன்றுகிறது. ஓர் ஊருக்கு நேர்ந்த பங்கம் அதனுள் அடங்கியிருக்கிறதன்றோ?

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலினா ராஜ்யத்தில், மலைகள் சூழ்ந்த மேற்குப் பகுதியில், பங்க்கம் என்னும் ஜில்லா ஒன்று உண்டு. ஆஷ்வில் அதன் தலைநகர். 1791-ஆம் ஆண்டில் ஏற்பட்ட அந்த ஜில்லாவுக்கு எட்வர்ட் பங்க்கம் என்ற சேனைத் தலைவரின் பெயரை இட்டனர். அவர் அமெரிக்க சுதந்திர யுத்தத்தில் போர் புரிந்தவர். 1777-இல் ஜெர்மன்டவுன் சண்டையில் காயமுற்று, எதிரிகள் கையிற் சிக்கி, மறு ஆண்டு பிலடெல்பியாவில் சிறைக் கைதியாகவே உயிர் நீத்தார். நாட்டுக்காக உயிர் கொடுத்த ஒருவரின் பெயர் வீண் பேச்சுக்குப் பெயராக மாறியது எவ்வாறு?

1820-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டுப் பிரதிநிதி சபை பெரியதொரு விவாதத்தில் ஆழ்ந்திருந்தது. மிஸௌரிப் பிரதேசம் தன்னை ஒரு ராஜ்யமாகச் சேர்த்துக்கொள்ளுமாறு கோரிற்று. அங்கே அடிமை முறையை அனுமதிப்பதா, விலக்குவதா என்பதே கேள்வி. அப்போதிருந்த 22 ராஜ்யங்களில் அடிமை முறை உள்ளவை 11, இல்லாதவை 11. தராசு எப்பக்கம் சாயுமோ என்று தேசமே கவலையுற்றிருந்தது. மனிதனை மனிதன் விலைக்கு வாங்கி விற்கும் கொடுமை புதிய நிலங்களிலும் பரவுமா என்பது அச்சபையின் தீர்ப்பைப் பொறுத்திருந்தது.

விவாதம் பல நாள் நீண்டு, அங்கத்தினர்கள் சலிப்புற்று, வாக்கெடுப்பை எதிர்நோக்கியிருந்த வேளையில், பங்க்கம் ஜில்லாவின் பிரதிநிதியாகிய பீலிக்ஸ் வாக்கர் பேச எழுந்தார். அவருக்கு வயது 66. சுதந்திர யுத்த காலத்து மனிதர். “வாக்கெடுப்பு! வாக்கெடுப்பு!” என்று சபையோர் கூவினர். அவரோ அமரவில்லை. தம் ஜில்லாவார் தம்மிடம் ஒரு பிரசங்கத்தை எதிர்பார்க்கிறார்களென்றும், தாம் சபைக்காக அன்று, பங்க்கத்துக்காகவே பேசுவதாகவும் சொன்னார் என்பர்.

சபையினர் இதைப் பரிகாசமாகப் பற்றிக்கொண்டனர். எவரேனும் விஷயத்தை விட்டு விலகி ஊராரின் மெச்சுதலுக்காகப் பேசினால், “பங்க்கத்துக்குப் பேசுகிறார்” என்று சொல்லலாயினர். நாளடைவில் ஜில்லாவின் பெயரிலிருந்த எழுத்துக்கள் குறைந்து, ஒலிக்கு ஏற்ற எளிய எழுத்தில் அது ஒரு பொதுச் சொல்லாயிற்று. பின்னர் வாலும் அறுந்து ‘பங்க்’ என்றே நின்றது. 1923-இல் வில்லியம் வுட்வர்ட் என்னும் ஆசிரியர் அப்பெயரிலேயே ஒரு நாவல் எழுதி, பொய்ப் புகழைக் களைந்து உண்மையைக் காட்டுதலைக் குறிக்க ‘டீபங்க்’ என்றொரு வினைச்சொல்லையும் வழங்கினார்.

அந்த 1820-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சமரசம் ஒன்று ஏற்பட்டது. மிஸௌரி அடிமை முறையுடனும், மேய்ன் அது இன்றியும் ராஜ்யங்களாக அனுமதி பெற்றன. நாடு முழுவதிலும் அடிமைத்தளை சட்டப்படி அறுபட 1865-ஆம் ஆண்டுவரை செல்ல வேண்டியிருந்தது. அந்த 45 ஆண்டுகளும் விலங்கிற் கிடந்தோரின் வாழ்வை அன்று சபை எடைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு பிரதிநிதிக்கோ தம் ஊராரின் திருப்தியே பெரிதாயிற்று. வீண் பேச்சு யாருக்குத் தீங்கு செய்கிறது என்று கேட்போர் இதனைச் சிறிது சிந்திக்க வேண்டும்.

பழி முழுவதையும் வாக்கர்மீது சுமத்துவதும் நியாயமன்று. ஊரார் பேச்சையே எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் எண்ணினாரெனின், அவ்வெண்ணத்தை ஊட்டியவர்கள் யார்? நம் பிரதிநிதி என்ன செய்தார் என்று கேளாமல், எவ்வளவு நேரம் முழங்கினார் என்று கேட்டு மகிழும் ஜனங்கள் உள்ள இடமெல்லாம் பங்க்கம் ஜில்லாவே.

வள்ளுவர் ‘பயனில சொல்லாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதற்கு முன் நிற்பது ‘புறங்கூறாமை’. பின் நிற்பது ‘தீவினையச்சம்’. பயனற்ற சொல்லுக்கு அவ்விரண்டின் நடுவே இடம் அமைந்திருப்பது நம் கருத்துக்கு உரியது. அடுத்த பாடவேளையில் அம்மாணவனுக்கு இக்கதையைச் சொல்ல எண்ணியிருக்கிறோம், சுருக்கமாகவே சொல்வோம்.