நாகம்மாள் கேட்ட பங்கு

சனிக்கிழமை மாலை திருப்பூர் வீதியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பனியன் கம்பெனிகளிலிருந்து பெண்கள் சாரி சாரியாக வருவார்கள். ஓவர்லாக் ஓட்டியவள், பிசிறு வெட்டியவள், துணி மடித்தவள் என்று பலர் கையிலும் வாரச் சம்பளம் இருக்கும். வீடு போய்ச் சேர்ந்த பிறகும் அது அவர்கள் கையிலேயே இருக்குமா? இப்படி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நாகம்மாளின் நினைவு வந்துவிடும்.

எந்த நாகம்மாள் என்கிறீர்களா? இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதி 1942-ல் வெளிவந்த நாவலின் கதாநாயகிதான். கொங்கு நாட்டுப் பேச்சும் மண்ணும் மணக்கும் கதை அது.

நாகம்மாள் விதவை. சிறு பெண் குழந்தையுடன் கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தோடு இருக்கிறாள். தனக்கென்று என்ன இருக்கிறது என்ற எண்ணம் அவளை அரிக்கிறது. ஊர்ப் போக்கிரி கெட்டியப்பன் தூபம் போடுகிறான். பாகம் பிரித்துத் தரும்படி கேட்கிறாள். தகராறு முற்றி, கடைசியில் சின்னப்பனின் உயிரே போய்விடுகிறது.

நம் கதைகளில் பெண் என்றால் பெரும்பாலும் ஒன்று சீதை, இல்லாவிட்டால் சூர்ப்பணகை! நாகம்மாளோ இரண்டிலும் சேராதவள். வாய்த்துடுக்கு உண்டு, பிடிவாதம் உண்டு, வேண்டாத சிநேகமும் உண்டு. ஆசிரியர் அவளைக் கும்பிடவுமில்லை, தூற்றவுமில்லை. குறையுள்ளவள் கேட்பதிலும் நியாயம் இருக்கலாம் அல்லவா?

அன்று அந்த நியாயத்துக்குச் சட்டமும் துணை நிற்கவில்லை. 1937-ல் வந்த சட்டம் கணவனின் பங்கில் இந்து விதவைக்கு ஆயுள்கால உரிமை தந்தது. விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-ல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது! சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் விரிவாக்கியது 1947-ல். ஆயுள்கால உரிமை முழு உரிமையானது 1956-ல். முன்னோர் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு, அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-ல் கிடைத்தது. நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் கிடைத்தது 2005-ல்.

சட்டம் வந்துவிட்டது, சரி. பங்கு கேட்ட பெண்ணுக்குக் 'குடும்பத்தைக் கெடுத்தவள்' என்ற பட்டம் மட்டும் போயிற்றா?

அடுத்த முறை, இன்னார் மகள் பாகம் கேட்டாளாம், சம்பளத்தைக் கொடுக்க மறுத்தாளாம் என்று யாராவது உங்கள் வீட்டுத் திண்ணையில் பேச்செடுத்தால், அவள் நல்லவளா என்று விசாரிக்குமுன், அவள் கேட்டது அவளுடையதுதானா என்று விசாரியுங்கள், சகோதரிகளே!