நல்லதண்ணியின் பன்னிரண்டு மாதங்கள்

மலையைக் கண்ணால் காணாமலே பிறந்து, வளர்ந்து, மூத்து, முடிந்துவிடக்கூடிய தேசம் ஒன்று உண்டென்றால் அது நமது யாழ்ப்பாணக் குடாநாடுதான். கீரிமலை என்று பெயரளவில் ஒரு மலையை வைத்துக்கொண்டிருக்கிறோமே அல்லாமல், மானிப்பாயில் மருதடிப் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று எத்திசையை நோக்கினாலும், பார்வைக்குக் குறுக்கே நிற்பவை பனைகளும் வேலிகளும் வீட்டுக் கூரைகளுமே. ஆகையினால் மலை என்பது நம்மவர்க்கு யாத்திரைக்குரிய பொருளாகவும், சிவனொளிபாதமலை ஓர் இரவுக்குரிய யாத்திரையாகவும் அமைந்துவிட்டன. யாழ்ப்பாணத்தில் இரயிலேறி, பொல்காவலையில் இறங்கி மலைநாட்டு வண்டிக்கு மாறி, அட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக பஸ்ஸில் வளைந்து வளைந்து நல்லதண்ணியை அடைகிறோம். நள்ளிரவில் ஏறத் தொடங்கி, உச்சியில் சூரியோதயம் கண்டு, மணியை அடித்து, முழங்கால் நோக இறங்கிவந்து, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புகிறோம். நல்லதண்ணி நமது ஞாபகத்தில் ஒரு பஸ் நிலையம், ஒரு தேநீர்க் கடை, குளிரில் நடுங்கிய ஒரு மணி நேரம், அவ்வளவே. அந்தச் சிற்றூரிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வருஷம் முழுவதும் வாசம் செய்கிறவர்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்பதையும், அவர்களுடைய வருஷம் நமது பஞ்சாங்கத்துக்கு அடங்காத ஒன்று என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த சிகரம் 2,524 மீற்றர் கொண்ட பீதுருதாலகாலையே என்றாலும், கூம்பு வடிவிலே தனித்து எழுந்து நிற்பதால் கண்ணையும் பக்தியையும் ஒருங்கே கவர்ந்தது இந்த மலைதான். நல்லதண்ணியோ ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல்மட்டத்தோடு ஒட்டி வாழும் நமக்கு அந்த அடிவாரமே ஒரு மலை. அங்கிருந்து உச்சிவரை 5,000-க்கு மேற்பட்ட படிகள். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை பழமையிலும் நீளத்திலும் பெரியதாயினும், பெரும்பாலோர் ஏறுவது நல்லதண்ணிப் பாதையால்தான். டிசம்பர் மாத உந்துவப் பூரணையன்று, பெல்மடுல்லையிலுள்ள விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவமும் புனித தாதுக்களும் ஊர்வலமாக உச்சிக்குக் கொண்டுசெல்லப்படுவதோடு பருவகாலம் ஆரம்பமாகிறது; மே மாத வெசாக் பூரணையோடு அவை கீழே இறங்க, பருவகாலமும் முடிகிறது. இடைப்பட்ட மாதங்களில் படிகள் நெடுகிலும் மின்விளக்குகள் எரிகின்றன. தகரத்தாலும் பலகையாலும் அடித்த கடைகள் வரிசையாக முளைக்கின்றன. இறங்கி வருவோர் ஏறுவோரைப் பார்த்து ‘கருணாவயி’ என்று சிங்களத்தில் ஆசி கூறுகின்றனர். சீதகங்குல என்னும் ஓடையின் பனிநீரில் முகம் கழுவிக்கொண்டு நான்கு சமயத்தவரும் ஒரே படியில் ஏறுகின்றனர்.

இந்த யாத்திரையில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு பழைய பாத்தியதையும் உண்டு. 1344-ஆம் ஆண்டில் மொறோக்கோ தேசத்து யாத்திரிகரான இபன் பதூதா இலங்கையின் மேற்குக் கரையில் வந்திறங்கியபோது, அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி. வேறு எதுவும் வேண்டாம், ஆதாமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்று விருந்தாளி கேட்க, நமது மன்னர் அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்று பழகிய யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், வேறு துணைவர் பதின்மரும், உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்தனுப்பினார் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பிரயாணி மலைக்காட்டிலே கண்ட அதிசயங்களுள் ஒன்று, மரத்திலும் புல்லிலும் காத்திருந்து மனிதர்மேல் பாயும் அட்டை. அதன்மேல் பிழிவதற்காக அவ்வூர் மக்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருந்ததையும் அவர் குறித்திருக்கிறார். ஏறக்குறைய 700 ஆண்டுகள் கழிந்தும் அந்த அட்டை அப்படியே இருக்கிறது. பருவகாலத்தில் மட்டும் போய்வருகிற நம்மில் அநேகர் அதைக் காணாமல் தப்பிவிடுகிறோம். ஏனெனில் அதன் ராஜ்யம் தொடங்குவது நாம் திரும்பிய பிறகுதான்.

வெசாக் கழிந்ததும் படிவிளக்குகள் அணைகின்றன. கடைக்காரர் தகரங்களைக் கழற்றி அடுக்கிவிட்டுத் தங்கள் ஊர்களுக்குப் போய்விடுகின்றனர். பின்னர் மழை வருகிறது. நமக்கு மே மாதம் தொட்டுச் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று, புழுதியையும், ஆடி ஆவணியில் பனம்பழ வாசனையையும் தவிர அதிகமாக ஒன்றும் கொண்டுவருவதில்லை. அதே தென்மேற்குக் காற்று இந்து சமுத்திரத்தின் மேலே நெடுந்தூரம் தவழ்ந்து நீராவியைச் சுமந்துகொண்டு தீவுக்குள் நுழைகையில், அதை எதிர்த்து நிற்கும் பெருஞ்சுவர்களுள் ஒன்று சிவனொளிபாதமலைத் தொடர். காற்று அச்சுவரை ஏறியே கடக்க வேண்டும். ஏற ஏறக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று தன் நீரைத் தாங்கமாட்டாமல் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவிலே மழை பெய்வதற்குக் காரணம் இதுவே. அது யாழ்ப்பாணம் பெறுவதைப் போல நான்கு மடங்கு. நமது மழை ஐப்பசியில் வந்து மார்கழியில் போய்விடும் விருந்தாளி. அவர்களுடையதோ வீட்டிலேயே தங்கிவிடுகிற உறவு.

நாட்கணக்கில் வெயிலைக் காணாத வீட்டிலே வாழ்வது எவ்விதம் என்று சமவெளியில் இருந்துகொண்டு ஊகிப்பது கடினம். துவைத்த துணி அடுப்பின்மேல் கட்டிய கொடியில் புகைமணத்தோடுதான் உலரும். விறகை மழைக்கு முன்பே சேர்த்துவைக்காத குடும்பம் தேத்தண்ணி வைப்பதற்கும் திண்டாடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை அட்டைக்கு அஞ்சிக் காலிலே சவர்க்காரம் பூசிக்கொண்டும், உப்பு முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டும் புறப்படும். எதிர்மலை மூடுபனியில் மறைந்துவிடும். சில நாட்களில் தோட்டத்து வரிசைவீடான பக்கத்து லயமும் மறைந்துவிடும். மழை தொடர்ந்து பெய்தால், சுவரில் புதிதாக வெடிப்பு விழுந்திருக்கிறதா, ஊற்றுநீர் திடீரென்று சேறாக வருகிறதா, மரம் சாய்ந்திருக்கிறதா என்று பெரியவர்கள் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். மண்சரிவின் அடையாளங்கள் அவை. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாடெங்கும் விளைத்த அழிவையும் அறிந்தவர்களுக்கு, இரவு மழையின் ஓசை தாலாட்டாகக் கேட்பதில்லை.

இவ்வளவு மழையிலும் வேலை நிற்பதில்லை. 1867-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதும், 1869 முதல் பரவிய இலைநோய் கோப்பியை அழித்ததும், அதன்பின் மலைகளெல்லாம் தேயிலையாக மாறியதும் பாடப்புத்தகச் சரித்திரம். கோப்பிக் காலம் முதலே தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து வந்து, வன்னிக் காட்டு வழியே கால்நடையாக நடந்து, வழியிலே பலரைப் பறிகொடுத்து மலையேறியவர்களின் சந்ததியார்தான் இன்றும் காலையில் ‘பெரட்டு’ என்னும் வேலைப் பகிர்வுக்குக் கூடி, எந்த ‘மலை’யில், அதாவது எந்தத் தேயிலைப் பகுதியில், கொழுந்து என்று கேட்டறிந்து, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சித்திரை வைகாசியின் முதல் மழைகளுக்குக் கொழுந்து பொங்கும். தைமுதல் பங்குனிவரை பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிருமாக வறட்சியான காற்று வீசும்போது கொழுந்து குறையும், ஆனால் அப்போதுதான் மணமும் நிறமும் மிகுந்த உயர்தரத் தேயிலை கிடைக்கும். யாத்திரிகர் விரும்பும் காலமும் தேயிலை வியாபாரிகள் விரும்பும் காலமும் ஒன்றாகவே இருப்பதைக் கவனியுங்கள். மலையின் இனிய பாதி வெளியாருக்கும், ஈரமான பாதி உள்ளூராருக்கும் என்று வருஷம் பங்கிடப்பட்டிருக்கிறது.

ஆனாலும் அந்த இனிய பாதியிலேயே உள்ளூராரின் சொந்த விழா ஒன்று நடந்துகொண்டிருப்பதை யாத்திரிகர் அறிவதில்லை. மாசி மாதத்து அமாவாசையை அடுத்துக் காமன் ஊன்றி, இரவுதோறும் தப்பு முழங்க ரதியும் மன்மதனும் ஆடி, இறுதியில் சிவபெருமானின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரியும்வரை தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்து, மலையகத் தமிழரின் மகத்தான கலைச்செல்வம். விளக்குமாலை சூடிய மலைப்படிகளில் பல்லாயிரம் பேர் ஏறும் அதே இரவுகளில், தேயிலைக்குள்ளே ஒரு லயத்து முற்றத்தில் அந்த ஆட்டம் நடக்கிறது.

தேயிலை முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. 1940-ஆம் ஆண்டிலே சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்ட இந்தச் சிகரவனம், ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து 2010-இல் உலக மரபுரிமைச் சொத்தாக ஏற்கப்பட்டது. உச்சியை நெருங்க நெருங்க மரங்கள் குள்ளமாகிப் பாசி போர்த்து நிற்கும்; அவற்றிடையே செந்நிறப் பூக்கள் கொத்துக்கொத்தாய் மலரும்; பங்குனி வாக்கில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும்போது, அவையும் பாதத்தை வணங்கப் போகின்றன என்று மக்கள் சொல்வர். ஆனால் காட்டுக்கும் தேயிலைக்கும் இடையில் வேலியில்லை. காட்டுப்பன்றி இறங்கி, லயத்துக்குப் பின்னால் வைத்த மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிடும். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியிலே சிறுத்தை அகப்படும். 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் அவ்விதம் அகப்பட்ட மிக அரிய கருஞ்சிறுத்தை, மீட்கப்பட்டும் சில நாட்களில் இறந்தது. கம்பி வைத்தவனைத் தண்டிப்பது எளிது. அரைப் பாத்தி கீரையையும் கிழங்கையும் நம்பிச் சோறு சமைக்கிற குடும்பத்துக்குப் பன்றியிடமிருந்து பாதுகாப்புத் தருவது கடினம். சிறுத்தை பிழைக்க வேண்டுமானால் இரண்டாவதையும் செய்தாக வேண்டும்.

இவையெல்லாம் எங்கேயோ நடப்பவை, நமக்கென்ன என்று மானிப்பாயிலிருந்து சொல்லிவிட முடியாது. களனி, களு, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் நீரூட்டுவது இந்த மலைத்தொடர். மாரியில் மட்டும் ஓடிக் கோடையில் வற்றிவிடும் வழுக்கை ஆற்றையே ஆறென்று கொண்டாடி, சுண்ணக்கல்லுக்குள் ஊறும் கிணற்றுநீரை நம்பி வாழும் நமக்கு, அந்த நீர்ப்பெருக்கு ஒரு கனவாகத் தோன்றலாம். எனினும் அதன் ஒரு பங்கு வேறு வடிவத்தில் நம்மையும் வந்தடைந்தது. மலைநீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918-ஆம் ஆண்டிலேயே எடுத்துரைக்க, அது லக்சபானவில் நிறைவேறியது 1950-இல். நமது முதியோர் இன்றும் ‘லக்சபான மின்சாரம்’ என்று சொல்வதையும், யுத்தத்தில் அறுந்த அந்தக் கம்பி யுத்தத்தின்பின் மீண்டும் சுன்னாகம் வந்து சேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. அந்த மின்சாரத்துக்காக 1960-களின் இறுதியில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் முழுவதும் நீரில் அமிழ்ந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் அதன் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக வெளிப்படுகின்றன. ஒரு நகரம் இடம்பெயர்ந்து கொடுத்த ஒளியில்தான் நாடு பலகாலம் படித்தது.

கொடுத்தவர்களுக்கு நாடு திருப்பிக் கொடுத்ததன் கணக்கு வேறுவிதமானது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. அதையொட்டித் தமிழ்த் தலைவர்களிடையே எழுந்த பிளவிலிருந்தே 1949-இல் தமிழரசுக் கட்சி பிறந்தது என்பதை யாழ்ப்பாணத்தார் அறிவர். இந்தியாவோடு செய்த 1964-இன் ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது; எஞ்சியவர்களின் பிரஜாவுரிமை முற்றாகத் தீர்ந்தது 2003-இல். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளைக் கொண்ட லயங்களில், ஐந்தாறு தலைமுறை வாழ்ந்தபின்னும், தாம் படுத்துறங்கும் நிலத்துக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் இன்னும் பல. பருவகாலத்தில் ஒரு கடையோ, யாத்திரிகர் தங்க ஓர் அறையோ வைத்துப் பிழைக்க நினைப்பவருக்கும் முதலில் வேண்டுவது சொந்தமென்று சொல்ல ஒரு துண்டு நிலம். நம் ஊரிலே ஒரு பரப்புக் காணிக்காக அண்ணனும் தம்பியும் ஆயுள்முழுதும் வழக்காடுவர். காணியின் அருமையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே அடுத்த பருவகாலத்தில் யாத்திரை போக எண்ணுவோருக்கு ஒரு விண்ணப்பம். கொண்டுபோகும் பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவருவது குறைந்தபட்ச மரியாதை. இயன்றால், தரிசனம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் ஒரு பகல் தங்கி, மஸ்கெலியா வீதியில் நடந்து, அவ்வூராரோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். உச்சியிலுள்ள பாதச்சுவடு புத்தருடையதா, சிவபெருமானுடையதா, ஆதாமுடையதா, தோமையாருடையதா என்ற வினாவை நான்கு சமயத்தவரும் தீர்க்காமலே ஒற்றுமையாக ஏறி இறங்கப் பழகிவிட்டார்கள். அடிவாரத்து லயம் நிற்கும் நிலம் யாருடையது என்ற வினாவையோ அப்படித் தீர்க்காமல் விட்டுவிட நியாயமில்லை. அதற்கு வேதாகமங்களை ஆராய வேண்டியதும் இல்லை, ஓர் உறுதிப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தால் போதும்.