ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: உங்க வீட்டுக்கு லாபமா? போட்டா சரியா போடுறது எப்படி?



கீசருக்குப் பதிலா ஹீட் பம்ப் போட்டா கரண்ட் பில்லுல 70 சதவீதம் மிச்சம்னு கடையில சொல்றாங்க. இது பாதி உண்மை. மிச்சமாகிறது மொத்த பில்லுல இல்லை, தண்ணி சுட வைக்கிற செலவுல மட்டும்தான். அதுவும் மெஷினைச் சரியா மாட்டினால்தான். விலை ஒரு லட்சத்தை ஒட்டி வர்ற பொருள், அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு, மாட்டும்போது ஒரு செக்லிஸ்ட், ரெண்டையும் பார்த்துடலாம்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது?

கீசர் 1 யூனிட் கரண்ட் எடுத்தா 1 யூனிட் சூடுதான் தரும். ஹீட் பம்ப் கிட்டத்தட்ட தலைகீழா திருப்பின ஃப்ரிட்ஜ் மாதிரி. வெளிக்காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணிக்குள்ள தள்ளும். கரண்ட் அந்த கம்ப்ரஸரையும் ஃபேனையும் ஓட்டத்தான். அதனால நம்ம ஊர் வெயிலுக்கு 1 யூனிட் கரண்டுக்கு சுமார் 3 யூனிட் சூடு கிடைக்கும். இந்த விகிதத்துக்குப் பேர்தான் சி.ஓ.பி. கோட்டேஷன்ல இந்த எண்ணைக் கண்டிப்பா கேளுங்க.

உங்க ஸ்லாப் என்ன?

நம்ம மின்வாரிய பில் ரெண்டு மாசத்துக்கு ஒரு முறை, ஸ்லாப் முறையில வருது. இங்கதான் பலர் கணக்கைத் தப்பா போடுறாங்க. நீங்க மிச்சம் பிடிக்கிற யூனிட் சராசரி விலையில குறையாது. உங்க பில்லோட உச்சியில இருக்கிற, அதிக விலை யூனிட்ல இருந்துதான் குறையும்.

2022 செப்டம்பர்ல மாத்தின கட்டணத்தையே எடுத்துக்கோங்க. 500 யூனிட் ஓடினா பில் 1,725 ரூபாய். 501 ஆனா 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! ஏன்னா 500-ஐத் தாண்டினதும் 101 முதல் 200 வரைக்குமான சலுகை விலை போயிடும். அதுக்கப்புறம் கட்டணம் கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா இந்தப் படிக்கட்டு அமைப்பு அப்படியேதான் இருக்கு. அதனால உங்க கடைசி ஆறு பில்லை எடுத்து வச்சுக்கிட்டு மேல படிங்க.

மூணு வீடு, மூணு பதில்

ஹீட் பம்ப் மாட்டுற செலவோட சேர்த்து 90,000, நல்ல கீசர் 10,000-னு வச்சுக்குவோம். கூடுதல் செலவு 80,000 ரூபாய்.

ஒண்ணு: தனியா இருக்கிறவங்க, இல்ல வாடகை வீட்டுல இருக்கிறவங்க. தண்ணி சூடாக்க ஒரு நாளைக்கு ஒரு யூனிட்தான் ஆகும். மிச்சம் வருஷத்துக்கு 250 யூனிட் வந்தாலே பெருசு. வேண்டவே வேண்டாம். வீடு மாறும்போது கழட்டி மாட்டுற செலவு வேற.

ரெண்டு: நாலு பேர் குடும்பம். ஆளுக்கு ரெண்டு பக்கெட், மொத்தம் 160 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி. சூடு ஆறிப்போற இழப்பையும் சேர்த்தா கீசருக்கு நாளைக்கு 3.5 யூனிட், ஹீட் பம்புக்கு 1.2 யூனிட். நாளைக்கு 2.3 யூனிட் மிச்சம். கோடையில மொட்டை மாடி டேங்க் தண்ணியே சுடும், அதனால 300 நாள் போட்டா 690 யூனிட். யூனிட் 5 ரூபாய்னா 3,450 ரூபாய், 9 ரூபாய்னா 6,210 ரூபாய். போட்ட காசு திரும்பி வர முதல் கணக்குல 23 வருஷம், ரெண்டாவதுல 13 வருஷம். அதுக்குள்ள மெஷினே மாத்த வேண்டி வரும். இந்த வீட்டுக்கும் என் பதில் 'வேண்டாம்'தான்.

மூணு: ஆறு பேர் கூட்டுக் குடும்பம். வயசான அப்பா அம்மா, கைக்குழந்தை, மூணு பாத்ரூம், கிச்சனுக்கும் சுடுதண்ணி. நாளைக்கு 8 யூனிட் அளவு சூடு வேணும். ஹீட் பம்ப் 2.7 யூனிட்ல முடிச்சிடும். 5.3 யூனிட் மிச்சம், 330 நாளைக்கு சுமார் 1,750 யூனிட். பில் 600-ஐத் தாண்டுற வீடுன்னா யூனிட் 9 ரூபாய் வச்சு 15,700 ரூபாய்க்கு மேல. அஞ்சு வருஷத்துல காசு திரும்பி வந்துடும். தாராளமா போடலாம்.

ஆனா இதே மூணாவது வீட்டுல மெஷினைத் தப்பா மாட்டி, சி.ஓ.பி 3-க்குப் பதிலா 1.8 கிடைக்குதுன்னு வைங்க. செலவு 2.7-ல இருந்து 4.4 யூனிட் ஆகும். மிச்சம் சுமார் 10,700 ரூபாயா சுருங்கிடும். வருஷத்துக்கு 5,000 ரூபாய் காத்துல போகும். அதனாலதான் மாட்டுற வேலைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

மாட்டும்போது நீங்க பக்கத்துல நின்னு பார்க்க வேண்டியவை

இடம்: காத்து தாராளமா வந்து போற இடமா இருக்கணும். மெஷின் சூட்டை எடுத்துட்டு குளிர்ந்த காத்தை வெளியே தள்ளும். மூடின லாஃப்ட்லயோ சின்ன அறையிலயோ வச்சா, அது தள்ளின குளிர்காத்தையே திரும்ப இழுக்கும். திறந்த யூட்டிலிட்டி, மொட்டை மாடியில சின்னக் கூரைக்குக் கீழ, இதெல்லாம் நல்லது. ஏசி அவுட்டோர் மாதிரி சத்தம் வரும், அதனால பெட்ரூம் ஜன்னலுக்குக் கீழ வேண்டாம். பக்கத்து வீட்டு ஜன்னலுக்குக் கீழயும்தான்.

எடை: 200 லிட்டர் டேங்க்ல தண்ணி மட்டுமே 200 கிலோ. மெஷின் எடை தனி. வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற பால்கனியில வைக்கணும்னா இன்ஜினியரைக் கேட்காம வைக்காதீங்க.

குழாய்: சுடுதண்ணி லைனுக்கு சிபிவிசி பைப்தான், சாதாரண பிவிசி இல்லை. மேல இன்சுலேஷன் ஃபோம் சுத்தணும். மெஷினுக்கும் பாத்ரூமுக்கும் தூரம் குறைவா இருக்கணும். முக்கால் இன்ச் பைப்ல 15 மீட்டருக்கு சுமார் 4 லிட்டர் தண்ணி நிக்கும். ஒவ்வொரு தடவையும் அந்த ஆறின தண்ணியைத் திறந்து விட்டுட்டுத்தான் சுடுதண்ணி வரும். கரண்டும் வேஸ்ட், தண்ணியும் வேஸ்ட்.

வால்வு: பச்சைத்தண்ணி வர்ற பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு, டேங்க்ல பிரஷர் ரிலீஃப் வால்வு ரெண்டும் கட்டாயம். ரிலீஃப் வால்வுல இருந்து சொட்டுதுன்னு சில பிளம்பர் அடைச்சு விட்டுடுவாங்க. அது உயிருக்கே ஆபத்து, விடாதீங்க. வீட்டுல பிரஷர் பம்ப் இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

வடிகால்: ஏசி மாதிரியே இதுலயும் தண்ணி சொட்டும். சென்னை மாதிரி ஈரக்காத்து ஊர்ல நிறையவே சொட்டும். சரிவா ஒரு டிரெய்ன் பைப் வேணும்.

மின்சாரம்: தனி லைன், தனி எம்சிபி, சரியான எர்த்திங், 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. டேங்க் முழுக்க நிரம்பின பிறகுதான் ஸ்விட்ச் போடணும்.

தண்ணி: இங்க டிடிஎஸ்னா நம்ம சம்பளத்துல பிடிக்கிறது இல்லை, தண்ணியில இருக்கிற உப்பு! போர் தண்ணின்னா டேங்க் உள்ள இருக்கிற அனோடு ராடை வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்க. வாரண்டி கார்டுல இது பத்தி என்ன நிபந்தனை இருக்குன்னு பணம் கட்டுறதுக்கு முன்னாடியே படிங்க.

அமைதியா காசு தின்கிற 'பேக்கப் ஹீட்டர்'

பெரும்பாலான மாடல்ல உள்ளேயே ஒரு கீசர் காயிலும் இருக்கும், அவசரத்துக்கு. மாட்டுறவர் 'சீக்கிரம் சூடாகும் சார்'னு அந்த மோடைப் போட்டுட்டுப் போயிடுவார். என் க்ளையன்ட் ஒருத்தர் வீட்டுல நாலு மாசமா பில் குறையவே இல்லை. மெஷின்ல கோளாறு எதுவும் இல்லை. பேக்கப் ஹீட்டர் தினமும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவுதான். எக்கோ மோட்ல வைங்க, சூடு 50 முதல் 55 டிகிரி போதும். அதிகமா வச்சா சி.ஓ.பி குறையும். கிருமி சேராம இருக்க வாரம் ஒரு முறை 60 டிகிரிக்கு ஏத்துங்க. டைமர் இருந்தா மதியம் ஓட விடுங்க. காத்து சூடா இருக்கும், மெஷினுக்கு வேலை சுலபம். மாடியில சோலார் பேனல் இருந்தா இன்னும் லாபம்.

கடைசி தவணை கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட்

10 சதவீதப் பணத்தைக் கையில வச்சுக்கிட்டு இதைச் செய்யுங்க. இந்த ஏற்பாட்டை ஆர்டர் கொடுக்கும்போதே எழுத்துல வாங்கிடுங்க. ஒரு சின்ன எனர்ஜி மீட்டர் மாட்டச் சொல்லுங்க. டேங்க்ல பச்சைத்தண்ணி நிரப்பி, ஆரம்ப சூட்டையும் முடிவு சூட்டையும் குறிச்சுக்கோங்க. அந்த நேரத்துல யாரும் சுடுதண்ணிக் குழாயைத் திறக்கக் கூடாது.

ஃபார்முலா: லிட்டர் × ஏறின டிகிரி ÷ 860 = கிடைச்ச சூடு, யூனிட்ல.

உதாரணம்: 200 லிட்டர், 27-ல இருந்து 55 டிகிரி. 200 × 28 ÷ 860 = 6.5 யூனிட். மீட்டர் 2.2 காட்டினா சி.ஓ.பி சுமார் 3, சூப்பர். 4-க்கு மேல காட்டினா பேக்கப் ஹீட்டரையும் காத்தோட்டத்தையும் சரி பார்க்கச் சொல்லுங்க. சரியான பிறகு மீதிப் பணம்.

பண விஷயத்துல மூணு குறிப்பு

1. கோட்டேஷன்ல ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலான்னு கேளுங்க. மெஷின், பைப் வேலை, எலக்ட்ரிக்கல் வேலை தனித்தனியா எழுதியிருக்கணும். பில்லுல சீரியல் நம்பர் இருக்கணும், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

2. 'நோ காஸ்ட் இஎம்ஐ'ல பிராசசிங் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் வரும். முழுப் பணம் கொடுத்தா எவ்வளவு தள்ளுபடின்னு முதல்ல கேளுங்க, அப்புறம் ஒப்பிடுங்க.

3. இதுக்கு 80சி மாதிரி எந்த வரி விலக்கும் சம்பளக்காரங்களுக்குக் கிடையாது. மார்ச் மாசம் 'டாக்ஸ் சேவிங்'னு யாராவது விற்க வந்தா சிரிச்சுட்டு அனுப்பிடுங்க.

மொத்தத்துல, ஆள் அதிகம், சொந்த வீடு, பில் 500 யூனிட்டுக்கு மேல, இந்த மூணும் இருந்தா கோட்டேஷன் வாங்குங்க. இல்லைன்னா நல்ல ஸ்டார் ரேட்டிங் கீசரை வாங்கி, குளிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் போட்டு, முடிஞ்சதும் அணைச்சிடுங்க. மீதி 80,000-ஐ உங்க எமர்ஜென்சி ஃபண்டுல போடுங்க.

இந்தக் கணக்கை உங்க பில்லை வச்சுப் போட்டுப் பார்த்துட்டு, எத்தனை வருஷம் வந்துச்சுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவில சந்திப்போம்!