கனவும் கனிவும்

சில மாதங்களுக்கு முன், ஓர் இரவில் நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறருக்குத் தேர்வு வைத்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் அன்று நரைத்த தலையோடும் அரைக்கால் சட்டையோடும் ஐந்தாம் வகுப்புப் பலகையில் அமர்ந்திருந்தேன். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் கையில் பிரம்புடன் மேற்பார்வை செய்தான். வினாத்தாளைத் திருப்பினேன். ஒரே ஒரு வினாதான்: "உன் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது?" மதிப்பெண் நூறு. எவ்வளவு எண்ணியும் விடை வரவில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதலாம் என்று எட்டிப் பார்த்தால், அங்கே எங்கள் வீட்டுப் பூனை விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருக்கிறது! இன்னொரு தாள் வேண்டும் என்று அது முன்னங்காலைத் தூக்கியபோது கோயில் மணி ஒலித்தது. விழித்துக்கொண்டேன்.

காலைக் காப்பியின்போது இதைச் சொன்னேன். பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், "நாற்பது ஆண்டாயிற்று. உண்மையாகவே உங்களுக்குத் தெரியாதுதானே?" என்றாள். பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

இரவில் நடக்கும் கூத்து

கனவு இத்தகைய கோமாளித்தனங்களைச் செய்வது ஏன்? 1953-ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் என்னும் இரு அறிஞர்கள் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். உறங்குவோரின் கண்கள் சில வேளைகளில் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசைகின்றன. அந்நேரம் அவர்களை எழுப்பிக் கேட்டால், பெரும்பாலோர் தாம் கண்டுகொண்டிருந்த கனவைச் சொல்கிறார்கள். இந்த ஆய்வுக்கு அசெரின்ஸ்கி தம் சிறு மகனையே படுக்கவைத்துச் சோதித்தார். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு முறை, ஓர் இரவில் நான்கைந்து முறை இந்தக் கட்டம் வந்து போகிறது என்பதை இன்று நாம் அறிவோம்.

அவ்வேளையில் மூளையின் முற்பகுதியில், 'இது நடக்கக்கூடியதா?' என்று ஆராய்ந்து பார்க்கும் இடம் தளர்ந்திருக்கிறது. அச்சம், ஆசை, நாணம் ஆகிய உணர்ச்சிகளுக்குரிய இடங்களோ சுறுசுறுப்பாக இயங்குகின்றன. பெரியவர் கண்ணயர்ந்த வீட்டில் பிள்ளைகள் கொட்டமடிப்பது போன்றதே இது. ஆகவே, பூனை தேர்வு எழுதினால் நாம் வியப்பதில்லை. நம்மைவிட நன்றாக எழுதுகிறதே என்றுதான் கவலைப்படுகிறோம். கனவில் ஓடுகிறவன் கட்டிலைவிட்டு ஓடிவிடாதபடி, அந்நேரம் கைகால் தசைகள் செயலற்றுத் தளர்ந்துவிடுவதும் இயற்கையின் ஏற்பாடு.

பாம்பைக் கண்டால் இன்னது நடக்கும், பல் விழுந்தால் இன்னது நடக்கும் என்று பலன் பார்ப்பது நமக்கு உரியதன்று. ஆனால் கனவைச் சொல்லிச் சிரிப்பது நல்லது. அந்த மேடையில் பெரியவர் சிறியவர் என்ற வேறுபாடே இல்லை. தன்னைக் கண்டு தானே சிரிக்கத் தெரிந்தவனிடம் செருக்கு நெடுநாள் தங்குவதில்லை.

ஒரு காலை உணவு வேளை

இத்தாலியில் தூரின் நகருக்கு அருகே, பெக்கி என்னும் சிற்றூரில் ஓர் ஏழை உழவர் குடும்பம் இருந்தது. தந்தை இல்லை. ஏறக்குறைய ஒன்பது வயதான கடைசி மகன் ஒரு நாள் காலையில் தன் கனவைச் சொன்னான். சிறுவர் கூட்டம் ஒன்று சண்டையிட்டுத் தீய சொற்கள் பேசியதாம். இவன் உள்ளே பாய்ந்து முட்டியால் குத்தினானாம். மேன்மை பொருந்திய ஒருவர் தோன்றி, அடியினாலன்று, சாந்தத்தாலும் அன்பினாலுமே இவர்களை நண்பராக்கிக்கொள்ள வேண்டும் என்றாராம். பிறகு சிறுவர்கள் மறைந்து, ஆடும் நாயும் பூனையும் கரடியும் நின்றனவாம். இறுதியில் எல்லாம் செம்மறிக்குட்டிகளாக மாறித் துள்ளினவாம்.

வீட்டார் என்ன செய்தார்கள்? நம் வீடுகளில் நடப்பதுதான் நடந்தது. நீ ஆடு மாடு மேய்க்கப் போகிறாய் என்றான் ஓர் அண்ணன். கொள்ளைக் கூட்டத் தலைவன் ஆவாய் என்றான் மற்றவன். யாருக்குத் தெரியும், குருவானவர் ஆனாலும் ஆகலாம் என்றார் தாய் மார்கரீத்தா. கனவுகளைப் பொருட்படுத்தலாகாது என்று முடித்துவைத்தார் பாட்டி. தானும் பாட்டியின் பக்கமே இருந்ததாக, அச்சிறுவன் பின்னாளில் எழுதினார். அவரே புனித தொன் போஸ்கோ.

ஆனால் அக்கனவு அவர் உள்ளத்தைவிட்டு அகலவில்லை. 1841 டிசம்பர் 8 அன்று, தூரின் நகரக் கோயில் ஒன்றில் பூசைக்கு உதவத் தெரியாத ஏழை இளைஞன் ஒருவனைக் கோயில்பிள்ளை அடித்து விரட்டினார். அவ்வாண்டுதான் குருப்பட்டம் பெற்றிருந்த தொன் போஸ்கோ, அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்து அன்போடு பேசினார். அவன் பெயர் பார்த்தலோமேயு கரேல்லி. தாய் தந்தையற்ற கொத்து வேலைக்காரன். அடியினாலன்று, அன்பினால் என்ற பாடம் அன்று செயலாயிற்று. அந்த ஓர் இளைஞனிடம் தொடங்கிய பணி கடல் கடந்து, 1906-இல் நம் தஞ்சைக்கும் வந்து சேர்ந்தது. இரவுக் கனவு தொன் போஸ்கோவைத் தேடி வந்தது. அதைப் பகலில் பேணி வளர்த்து, ஒரு நாள் ஒருவனை நோக்கிக் கைநீட்டியவர் அவரே.

பகலில் காணும் கனவு

பகற்கனவு சோம்பேறியின் தொழில் என்பார்கள். அப்படியானால் நாம் எல்லோரும் அத்தொழில் செய்பவர்களே. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக அறிஞர் இருவர், 2,250 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது வினவிப் பார்த்தனர். கேட்ட வேளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 47 பங்கு, அவர்களின் மனம் கைவேலையில் இல்லாமல் வேறெங்கோ உலவிக்கொண்டிருந்தது.

எங்கே உலவுகிறது? நமக்குத் தெரியாததா? நேற்று நம்மைப் பழித்தவரை மனத்துக்குள் மடக்கிப் பேசுகிறோம். அங்கே வெற்றி எப்போதும் நமக்கே. சில வேளைகளில் நல்லதையும் எண்ணுகிறோம். அந்த நல்ல கனவைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும்.

என்னோடு பணியாற்றிய முதிய ஆசிரியர் ஒருவர் மூன்றாம் தெருவில் தனியே வாழ்ந்தார். செய்தித்தாள் என்றால் அவருக்கு உயிர். முதுமையில் பார்வை மங்கி, எழுத்துகள் தெரியாமற்போயின. மாலைதோறும் போய் அவருக்குச் செய்தித்தாள் வாசிக்க வேண்டும் என்று எண்ணினேன். எண்ணியதோடு நில்லாமல், நடைப்பயிற்சியின்போதெல்லாம் அக்காட்சியைக் கண்டேன். அவர் சாய்வு நாற்காலியில் இருக்கிறார், நான் வாசிக்கிறேன், என் உச்சரிப்பைத் திருத்துகிறார், தெருவில் போகிறவர்கள் என்னைச் சுட்டி, "எவ்வளவு நல்ல மனிதர்!" என்கிறார்கள். நெஞ்சு நிறைந்துவிடும். நிறைந்த நெஞ்சோடு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இப்படி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழிந்தன.

ஒரு நாள் துக்க மணி அடித்தது. அடக்கத்துக்குப் பின், வெளியூரிலிருந்து வந்திருந்த அவருடைய மகள் அறையின் மூலையைக் காட்டினாள். "மாமா, அப்பா கடைசிவரை பேப்பரை நிறுத்தவே இல்லை. பாருங்கள், பிரிக்காமலே அடுக்கி வைத்திருக்கிறார்" என்றாள். இடுப்பளவு உயரத்துக்கு இருந்தது அந்த அடுக்கு.

விதையும் பதரும்

அன்று முதல் ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டிருந்தது: நல்லதைக் கனவு காண்பது நல்லதா, தீயதா? இரண்டும்தான் என்கிறார்கள் உளவியல் அறிஞர்கள். எல்லாம் இனிதே முடிந்துவிட்டதாகக் கற்பனை செய்து மகிழ்வோருக்கு, செயலில் இறங்குவதற்கான ஊக்கமே குறைகிறது என்று ஹெதர் கேப்பஸ், கேப்ரியல் எட்டிங்கன் ஆகியோர் 2011-இல் கண்டனர். உண்ணாமலே உண்ட களைப்பு வந்துவிடுகிறது! ஆனால் 2014-இல் பிரெண்டன் கேசர், டேனியல் ஷாக்டர் ஆகியோர் கண்டது வேறு. துன்பத்தில் இருக்கும் ஒருவருக்கு உதவும் காட்சியை, இடமும் செயலுமாகத் தெளிவாக மனத்தில் வரைந்து பார்த்தவர்களிடம் உதவும் விருப்பம் மிகுந்திருந்தது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் குற்றம் எனக்கு விளங்குகிறது. நான் கண்டது அவரையன்று. என்னைப் புகழும் தெருவை. கிழமை குறிக்கவில்லை, முதல் நாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டக் கூச்சமாயிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கவில்லை. விரும்பியதைக் காணும்போதே அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும் சேர்த்துக் காணுங்கள் என்பது எட்டிங்கன் கூறும் வழி. செவ்வாய், மாலை ஐந்து மணி. கூச்சம் வந்தால் நாலு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவது. இத்தகைய கனவே விதை. மற்றது பதர்.

மதுரைக் கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்களை நம்மில் பலர் அறிவோம். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். ஏழை என்பதால் எவரும் பார்வை இழக்கலாகாது என்பது அவர் கண்ட கனவு. 1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், பெரிய கட்டடத்துக்குக் காத்திராமல், மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கினார். இன்றைய அரவிந்த் கண் மருத்துவமனை அன்று அவ்வளவே.

எழுந்தார், செய்தார்

நற்செய்தி ஏடுகளில் புனித சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. ஆனால் அவர் கனவு கண்டதாக மத்தேயு திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஒவ்வொரு கனவுக்குப் பின்னும் வருவது ஒன்றே: எழுந்தார், செய்தார். எகிப்துக்குப் புறப்படச் சொன்னபோது விடியும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகத் தாயையும் சேயையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

வாசக அன்பர்களே, இன்றிரவு காணும் கனவைக் காலையில் வீட்டாரோடு சொல்லிச் சிரியுங்கள். பகலில் காணும் நல்ல கனவையோ சொல்லிக்கொண்டிராதீர்கள். பொழுது சாய்வதற்குள் அதில் ஒரு சிறு பங்கையாவது செய்துவிடுங்கள். செய்தித்தாள்கள் அடுக்கப்படுவதற்கு முன்பே கதவைத் தட்டுங்கள்.

உப்பு, எங்கள் அடுக்களையில் அடுப்புக்கு இடப்புறம், அரிசிப் பானைக்குப் பின்னால், மூடி உடைந்த பீங்கான் சாடியில் இருக்கிறது. இப்போதெல்லாம் காலைக் கஞ்சியை நான்தான் காய்ச்சுகிறேன். முதல் வாரம் முழுவதும் உப்புக் கரித்தது. என் மனைவி ஒன்றும் சொல்லாமல் குடித்தாள்.