புது வண்டிக்கு மறு பெயிண்டா? சொகுசுக் கார் வாங்குவோரின் உரிமைகள்

1990 ஜனவரியில், அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகர மருத்துவர் கோர் என்பவர் கறுப்பு நிற பி.எம்.டபிள்யூ செடான் ஒன்றை வாங்கினார். விலை 40,750 டாலர் 88 சென்ட். ஓட்டத்தில் குறையில்லை, பார்வைக்கும் எதுவும் தெரியவில்லை. ஒன்பது மாதம் கழித்து, வண்டி இன்னும் பளிச்சென்று இருக்கட்டுமே என்று மெருகேற்றும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனார். உண்மை அங்கேதான் வெளிவந்தது. அந்த வண்டிக்கு ஏற்கெனவே மறு பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தது.

ஜெர்மனியிலிருந்து வரும் வழியில் அமில மழை பட்டு மேற்பூச்சு கெட்டிருக்கிறது. அமெரிக்க விநியோக நிறுவனம் கூரை, பானெட், டிக்கி, பக்கவாட்டுத் தகடுகள் ஆகியவற்றுக்குப் பெயிண்ட் அடித்து, புதிய வண்டி என்றே விற்பனைக்கு அனுப்பியிருக்கிறது. அதற்கு ஆன செலவு 601 டாலர் 37 சென்ட். பழுதுபார்க்கும் செலவு வண்டி விலையில் 3 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் டீலரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்பது 1983 முதல் அந்த நிறுவனம் கடைப்பிடித்த விதி. இப்படி மறு பெயிண்ட் அடித்துப் புதியதாக விற்ற வண்டிகள் 983 என்று வழக்கில் சான்று வைக்கப்பட்டது.

மறு பெயிண்டால் வண்டியின் மதிப்பு சுமார் 10 விழுக்காடு குறைந்தது என்பதை ஏற்ற ஜூரி, 4,000 டாலர் இழப்பீடும் 40 லட்சம் டாலர் தண்டனைத் தொகையும் விதித்தது. மாநில உச்ச நீதிமன்றம் தண்டனைத் தொகையைப் பாதியாக்கியது. 1996 மே 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதுவும் மிகையென்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தள்ளியது. கடைசியில் 1997-இல் அது 50,000 டாலரில் நின்றது. ‘பி.எம்.டபிள்யூ எதிர் கோர்’ என்ற பெயரில் அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. அவர்கள் படிப்பது தண்டனைத் தொகைக்கான வரம்பைப் பற்றி. வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியது வேறொன்று: ஜூரி தீர்ப்பு வந்த சில நாட்களுக்குள், எவ்வளவு சிறிய பழுதுபார்ப்பானாலும் சொல்லிவிட்டே விற்பது என்று நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது.

601 டாலர் வேலை, 4,000 டாலர் மதிப்பிழப்பு. ‘சின்ன டச்-அப்தானே சார்’ என்று ஷோரூமில் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தை யார் சுமக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். சொல்லாமல் விட்டால் சுமப்பவர் வாங்கியவர்தான்.

அழகும் தரத்தின் பகுதியே

ஓடுகிற வண்டியில் பெயிண்டைப் பற்றிப் புகார் செய்வது வீண் பகட்டு என்ற எண்ணம் பலருக்கு உண்டு. இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-லேயே அதை மறுத்துவிட்டது. புதிய ரேஞ்ச் ரோவர் ஒன்றில் எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி ஆகியவற்றில் குறைகள் இருந்தன. ஆறு மாதத்தில் 5,000 மைலுக்கு மேல் ஓடியும் இருந்தது. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதற்காக மட்டும் யாரும் கார் வாங்குவதில்லை, வசதியும் தோற்றத்தில் கொள்ளும் பெருமையும் அந்த விலையில் அடங்கும், விலை கூடக்கூட எதிர்பார்ப்பும் கூடும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், தோற்றம், நேர்த்தி, சிறு குறைகள் இல்லாமை ஆகியவற்றைத் தரத்தின் அளவுகோல்களாகவே எழுதி வைத்திருக்கிறது.

இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் நேரடியாகக் கைகொடுக்கிறது. தரத்தில் இருக்க வேண்டியதில் எந்தப் பிழையும், பழுதும், போதாமையும் ‘குறைபாடு’தான். பொருளின் தரத்தைப் பற்றித் தெரிந்துகொள்வது நுகர்வோரின் உரிமை. புதுப்பித்த, சீரமைத்த பொருளைப் புதியது என்று காட்டி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெயிண்ட் சரியில்லை என்பது ஒரு புகார். மறு பெயிண்டை மறைத்தார்கள் என்பது வேறு புகார். இரண்டும் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

தொழிற்சாலை பெயிண்டும் ஒர்க்ஷாப் பெயிண்டும்

தொழிற்சாலையில் வெற்று உடற்கூடு முதலில் மின்பூச்சுத் தொட்டியில் முழுதாக முங்கி எழுகிறது. அதன்மேல் பிரைமர், பிறகு நிறம் தரும் பேஸ் கோட், கடைசியில் கிளியர் கோட். கண்ணாடி, சீட், ஒயரிங் எதுவும் பொருத்தாத நிலை என்பதால், சுமார் 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பூச்சைச் சுட்டு இறுக்க முடிகிறது. முழுமையாகப் பூட்டிய வண்டியை ஒர்க்ஷாப் பூத்தில் அந்த அளவு சூடாக்க முடியாது. பிளாஸ்டிக்கும் மின்னணுப் பாகங்களும் தாங்கா. அங்கே 60 டிகிரியை ஒட்டித்தான் வேலை நடக்கும். அதற்கென்று வேறு வகைப் பெயிண்ட் உண்டு. கைதேர்ந்தவர் செய்தால் அந்த வேலையும் நீடித்து நிற்கும். ஆனால் அது தொழிற்சாலைப் பூச்சு அல்ல. அடுத்து வாங்க வருபவரின் மீட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பெயிண்ட் தடிமன் மீட்டரைத்தான் சொல்கிறோம். தொழிற்சாலைப் பூச்சு மொத்தமும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் வரை. ஏறக்குறைய இரண்டு தலைமுடித் தடிமன். மறு பெயிண்ட் அடித்த தகட்டில் அது 200-ஐத் தாண்டும். உள்ளே பட்டி வைத்திருந்தால் பல நூறுக்குப் போகும். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. கூரையும் மூன்று கதவுகளும் 120-ஐ ஒட்டி இருக்க, நான்காவது கதவு மட்டும் 260 காட்டினால், அதற்குக் காரணம் கேட்கலாம். சொகுசுக் கார்களில் அலுமினியத் தகடுகள் அதிகம் என்பதால் இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் மீட்டராக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பம்பரைச் சாதாரண மீட்டர் அளக்காது; அங்கே கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

எந்தக் குறைக்கு யார் பொறுப்பு?

ஆரஞ்சுத் தோல்போல் சொரசொரப்பு, பெயிண்ட் வழிந்து உறைந்த கோடு, பூச்சுக்குள் சிக்கிய தூசி, எண்ணெய்ப் பிசுக்கால் விழுந்த சிறு குழி, பம்பருக்கும் பக்கத் தகட்டுக்கும் நிறம் ஒட்டாமை போன்றவை பெயிண்ட் அடிக்கும்போதே உண்டாகிறவை. ரப்பர் விளிம்பில் பெயிண்ட் தெறிப்பு, கதவின் உள்மடிப்பில் டேப் ஒட்டிய கோடு, போல்ட் தலையில் ஸ்பேனர் பட்ட தழும்பு ஆகியவை தெரிந்தால், வண்டி ஆலையை விட்டு வந்தபின் யாரோ கை வைத்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

வெயிலில் பானெட்டில் சிலந்தி வலைபோல் தெரியும் மெல்லிய வட்டக் கீறல்கள் அநேகமாகத் தவறாகக் கழுவித் துடைத்ததால் வந்தவை. கிளியர் கோட்டோடு நின்றால் பாலிஷில் போய்விடும். ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்க்கிறது. ஆகவே எத்தனை முறை என்பதற்கு வரம்பு உண்டு. கல் தெறிப்பு, பறவை எச்சம், தொழிற்சாலைப் புகைப் படிவு ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் வாரண்டியில் சேர்ப்பதில்லை.

சில குறைகள் ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். ‘590 மார்ஸ் சிவப்பு’ நிறம் பூசிய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் கிளியர் கோட் கொப்பளித்து உரிகிறது என்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 2018-இல் உரிமையாளர்கள் கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். வண்டியின் வயதையும் ஓடிய தூரத்தையும் பொறுத்துப் பழுதுச் செலவை நிறுவனம் ஏற்கும் சமரசத்தில் அது முடிந்தது. ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே குறை என்றால் அது பராமரிப்புக் குறை என்று தட்டிக்கழிக்க முடியாது. மற்ற உரிமையாளர்களோடு தொடர்பில் இருப்பது இங்கேதான் உதவும்.

சாவி வாங்கும் முன்

உரிமை மிகவும் பலமாக இருப்பது பதிவு எண் விழுவதற்கு முந்தைய நேரத்தில். 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் பிரிவு 41, பொருளைப் பார்த்துச் சோதிக்க நியாயமான வாய்ப்புத் தரப்படும்வரை வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது என்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 16-இல் எதிர்ப்பக்கமும் உண்டு: சோதித்தால் தெரிந்திருக்க வேண்டிய குறையைச் சோதித்த பிறகும் கவனிக்காமல் விட்டால், தரம் பற்றிய உட்கிடையான நிபந்தனையின் பாதுகாப்பு அந்தக் குறைக்குக் கிடைக்காது. ஆகவே பார்ப்பதென்றால் முழுதாகப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 2023 நவம்பர் முதல் 20 விழுக்காடு. பதிவு முடிந்து வரியும் கட்டிய பிறகு, வேறு வண்டி தாருங்கள் என்று கேட்பது பல மடங்கு கடினம்.

எனவே பதிவுக்கு முன்பே, ஸ்டாக்யார்டில், பகல் வெளிச்சத்தில், கழுவித் துடைத்த நிலையில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று புக்கிங் படிவத்திலேயே எழுதி வாங்குவது நல்லது. மாலை நேரத்து அலங்கார விளக்கொளியில், ரிப்பனும் மாலையும் போட்ட வண்டியில் பெயிண்ட் குறை கண்ணில் படாது. சேஸிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு தகட்டையும் மீட்டர் எண்ணோடு படம் எடுக்கலாம். இந்தச் சேஸிஸ் எண்ணுள்ள வண்டிக்கு எந்தப் பாடி வேலையும் நடக்கவில்லை என்று டீலரிடம் எழுத்தில் கேட்கலாம். தர மறுத்தால், அந்த மறுப்பையே மின்னஞ்சலில் பதிவு செய்யலாம். செராமிக் கோட்டிங்கோ, பாதுகாப்புப் படலமோ சோதனை முடியும்வரை வேண்டவே வேண்டாம். குறைக்கு மேலேயே அது ஒட்டிக்கொள்ளும், பிறகு யாரால் வந்த குறை என்ற வழக்கும் கூடவே ஒட்டிக்கொள்ளும்.

பிறகு தெரிந்தால்

முதல் வேலை தேதி விழும் படமும் வீடியோவும். இரண்டாவது, ஒர்க்ஷாப்பில் ஜாப் கார்டு. வாய்மொழிப் புகாருக்கு மதிப்பில்லை. குறையை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். டீலருக்கும் உற்பத்தியாளருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். இருவரையும் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கோவாவில் 2009 மாடல் வண்டியை 2011 மாடல் என்று டீலர் விற்ற வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. டீலரின் பொறுப்பு நின்றது. தவறு ஆலையிலா, யார்டிலா என்பது வாங்கியவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதைக் கண்டுபிடிக்கும் சுமையை இருவரும் பகிரட்டும்.

‘இன்ஷூரன்ஸில் போட்டு முழுசாக அடித்துத் தருகிறோம்’ என்று சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அவர்கள் செய்த தவறு உங்கள் பாலிசியில் கிளெய்மாகப் பதியும். நோ கிளெய்ம் போனஸும் போகும். கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்துவதும் தவறு. கடன் கொடுத்த வங்கிக்கு இந்தத் தகராறோடு தொடர்பில்லை. கெடுவது உங்கள் கடன் மதிப்பெண். ‘முழுத் திருப்தி’ என்ற படிவத்தில் வேலை முடியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

என்ன கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் காப்கோத்ரா வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி பாகத்தை மாற்றித் தருவதோடு நிற்கும்போது, ஒரு பாகத்தின் குறைக்காக முழு வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்றது. ஒரு கதவின் நிறம் ஒட்டவில்லை என்பதற்குப் புது வண்டி கிடைப்பது அரிது. சரிசெய்தல், மதிப்பிழப்புக்கு இழப்பீடு, பெயிண்டுக்கு எழுத்து மூலமான நீட்டிப்பு வாரண்டி ஆகிய மூன்றும் நியாயமான கோரிக்கைகள். புதியது என்று சொல்லிச் சீரமைத்த வண்டியைத் தள்ளிவிட்டிருந்தால், மாற்று வண்டி அல்லது பணம் திருப்பித் தரக் கேட்பதற்கு வலு கூடும்.

பேச்சில் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன்பின் நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கு மேல் தேசிய ஆணையம். ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம்; இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 50 லட்சத்துக்கு மேல் 1 கோடி வரையான விலைக்குக் கட்டணம் 2,000 ரூபாய். கம்பெனி பெயரில் வாங்கியவர்களும் தயங்க வேண்டியதில்லை: இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காக நிறுவனம் வாங்கிய மெர்சிடிஸ் கார், வணிக நோக்கில் வாங்கியதாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சாதாரணமாகப் பார்த்து முடிவு செய்ய முடியாத குறையென்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38(2)(c)-இன்படி தகுந்த ஆய்வகத்தில் சோதிக்க ஆணையம் உத்தரவிடலாம். அதற்கு முன் சொந்தச் செலவில் மறு பெயிண்ட் அடித்துவிட்டால் சான்று அழிந்துவிடும். வழக்கு முடியும்வரை தகட்டைத் தொட விடாதீர்கள். சட்டப்படி வழக்கு மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிய வேண்டும். நடைமுறையில் இழுக்கும். ஆணையத்துக்கு வெளியேயும் இதே நிலைதான்: 2009-இல் வாங்கிய பி.எம்.டபிள்யூ 7 சீரீஸ் ஒன்றின் ஓட்டக் கோளாறு தொடர்பான குற்றவியல் வழக்கில் 50 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024-இல்தான். அதனால் ஆணையம் சமரசத்துக்கு அழைத்தால், ஆவணங்களோடு போய் உட்காருவது பல நேரம் லாபம். எந்தத் தகடு, எந்த நாளுக்குள், எவ்வளவு இழப்பீடு என்பதெல்லாம் சமரசப் பத்திரத்தில் இருக்க வேண்டும். வழக்குத் தொடுக்கக் காலக்கெடு இரண்டு ஆண்டுகள். டீலரோடு நடக்கும் மின்னஞ்சல் பேச்சுக்காக அந்தக் கெடு தானாக நீளாது.